கரும்புக் கொல்லையில் ஒரு மீனவக் குப்பம்

முறைப்படி செய்யப்பட்ட தவறைக் கண்டுபிடிப்பதுதான் உலகத்திலேயே கடினமான வேலை. அவசரத்தில் செய்த தவறு மறுநாளே பல்லை இளிக்கும். சோம்பலில் செய்த தவறைப் பக்கத்து மேசைக்காரர் காட்டிக்கொடுப்பார். ஆனால் ஒருவர் வாசிக்க, ஒருவர் பதிய, ஒருவர் ஒப்பிட, மூவரும் கையெழுத்துப் போட்டுச் செய்த தவறு இருக்கிறதே, அது சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வரும். பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்லத்தான் தோன்றும்.

அப்படி ஒன்றை நான் செய்திருக்கிறேன். கடலூர்க் கடற்கரையில் இருந்த ஒரு மீனவக் குப்பத்தைப் பெயர்த்தெடுத்து, சேத்தியாத்தோப்புக்கு மேற்கே ஒரு கரும்புக் கொல்லையில் கொண்டுபோய் இறக்கினேன். (காகிதத்தில்தான். ஆனால் எங்கள் தொழிலில் காகிதம்தானே நிலம்.)

சுனாமிக்கு அடுத்த ஆண்டு. நான் நில அளவையில் தலை நரைத்தவன். அரசாணைகளை எண்ணோடு ஒப்பிப்பேன். எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கடலூர் முதுநகருக்குத் தெற்கே உள்ள அந்தக் குப்பத்தில் வீடிழந்த குடும்பங்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் வீடு கட்டித்தர முன்வந்திருந்தது. அலைவாய்க்கரையிலிருந்து சற்று உள்ளே, ஒரு மேட்டு நிலம் பார்த்திருந்தார்கள். அதை அளந்து வரைபடம் தரும் வேலைக்கு என்னை அனுப்பியிருந்தார்கள்.

ஊரார் வைத்தது ஒரே நிபந்தனை. வாசலில் நின்றால் படகு தெரிய வேண்டும். அந்த நிபந்தனைக்குக் காரணம் இருந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் மீனவர்களையெல்லாம் உள்நாட்டுக்குத் தள்ளிவிட்டு, கரையை ஓட்டல்காரர்களுக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று அந்த நாட்களில் கடலோரம் முழுக்கப் பேச்சு. ஆகவே ஊர்க் கூட்டத்தில் வரைபடத்தை விரித்துக் காட்ட வேண்டும். ஊர் ஒப்புக்கொண்டால் அடுத்த வாரம் அஸ்திவாரம். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த வீடுகள் வேறு குப்பத்துக்குப் போய்விடும் என்று நிறுவனத்தார் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள்.

வரைபடம் நவீன முறையில் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். அதற்காக ஒரு கையடக்க ஜி.பி.எஸ். கருவி கொடுத்தார்கள். செல்போனுக்கு மஞ்சள் சட்டை மாட்டியது போல இருக்கும். நிலத்தின் மூலையில் நின்று பொத்தானை அழுத்தினால், செயற்கைக்கோள்களைக் கலந்து ஆலோசித்துவிட்டு, இது பூமியில் எந்த இடம் என்று அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் சொல்லும். அதற்கு ஒரு கையேடும் உண்டு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். காப்பி கொண்டுவந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இது இங்கிலீஷ் மாதிரி தெரியலியே?"

"பிரெஞ்சு."

"உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமா?"

"தெரியாது. ஆனா கையேட்ட முழுசாப் படிக்கணும்."

மூலை மூலையாக நின்று புள்ளிகளைப் பிடித்தேன். சாலையோரப் பக்கத்தை மட்டும், புதுக் கருவியின் மேல் இருந்த பழைய சந்தேகத்தில், டேப் வைத்தும் அளந்துகொண்டேன். நூற்றைம்பது மீட்டர். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. இனி கருவிக்குள் இருக்கும் புள்ளிகளைக் கணினிக்குள் இருக்கும் அளவை மென்பொருளுக்கு மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

அந்த மென்பொருள் இருந்தது சிதம்பரம் தெற்கு வீதியில், கட்டட வரைபடம் போட்டுக்கொடுக்கும் ஒரு கடையில். அங்கே கணினியை ஆண்டுகொண்டிருந்தவர் செல்வி. சிவில் டிப்ளமோ படித்த பெண். நான் கருவியோடு வந்த வயரை நீட்டினேன். ஒரு முனையில் வட்டத் தலை, மறுமுனையில் ஒன்பது ஊசி. செல்வி கணினியின் முதுகுப்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், இது புது கம்ப்யூட்டரு. இந்த ஒம்பது ஊசி சொருவற எடமே இதுல கெடயாது."

"வேற வழி?"

"நடுவுல ஒண்ணு மாட்டணும். பாண்டிச்சேரில கெடைக்கும். ரெண்டு மூணு நாள் ஆவும்."

ஊர்க் கூட்டம் மறுநாள். இன்னொருவராக இருந்தால் கூட்டத்தைத் தள்ளிப்போட்டிருப்பார். நான் விதி தெரிந்தவன். இயந்திரம் கைவிட்டால் என்ன, எழுத்து வேலைக்கு நாங்கள் காலம் காலமாக வைத்திருக்கும் முறை இருக்கிறதே. கருவித் திரையைப் பார்த்து நான் வாசிப்பது, செல்வி கணினியில் தட்டுவது, கடை முதலாளி அச்செடுத்த தாளை மறுபடி திரையோடு ஒப்பிடுவது.

முதல் புள்ளியை வாசித்தேன். "பதினொரு டிகிரி, நாற்பத்திரண்டு புள்ளி, ஐந்து, ஆறு, ஏழு."

செல்வியின் விரல் நின்றது. "சார், இதுல ஒரே கட்டம்தான் இருக்கு, ஒரு புள்ளிதான் எடுக்குது. நீங்க சொல்றதுல டிகிரி ஒண்ணு, புள்ளி ஒண்ணு, ரெண்டு பிரிவு வருதே. எங்க வெக்கறது?"

நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் காது சூடாகிறது.) நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நிலம் அளந்தது இரும்புச் சங்கிலியால். ஒரு சங்கிலிக்கு நூறு கண்ணி, லிங்க் என்போம். ஐந்து சங்கிலி நாற்பத்திரண்டு லிங்க் என்றால் 5.42 என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். பெரிய அளவு முன்னால், புள்ளி, சின்ன அளவு பின்னால். பல்லாயிரம் முறை எழுதிய கை இது.

"டிகிரிக்கு அடுத்து புள்ளி வை. மிச்சமெல்லாம் அதுக்குப் பின்னாடி வரிசையா ஒட்டிக்கட்டும்," என்றேன். 11.42567.

"சரிங்க சார்," என்றார் செல்வி. அரைத் தலை நரைத்த ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால் யார்தான் மறுப்பார்கள்.

முதலாளி ஒவ்வோர் எண்ணையும் விரல் வைத்து ஒப்பிட்டார். ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. மூவரும் கையெழுத்திட்டோம். செல்வி பெரிய தாளில் அச்சடித்தார். நடுவில் மனை நிலத்தின் வடிவம்; நான் கையால் வரைந்திருந்த கோட்டுப்படத்தின் அதே வடிவம். மேல் மூலையில் சிறியதாக மாவட்ட வரைபடம், அதில் இடத்தைக் காட்ட ஒரு சிவப்பு நட்சத்திரம். வடக்குக் குறி இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று சரிபார்த்தேன். நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. நட்சத்திரத்தைச் சரிபார்க்கச் சொல்லி எந்த விதியிலும் இல்லை.

மறுநாள் வலை பின்னும் கொட்டகையில் ஊர் கூடியது. தாளை விரித்து நான் ஒரு சிற்றுரை ஆற்றினேன். விஞ்ஞானம், துல்லியம், செயற்கைக்கோள் என்றெல்லாம். ஊர்த் தலைவர் அஞ்சாப்புலி தலையசைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் நின்றவர் தெய்வானை. கருவாட்டுக் கூடையோடு மாவட்டம் முழுக்கப் பேருந்தில் போய்வருகிறவர். அவர் குனிந்து சிவப்பு நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்தார்.

"மாமா, இதுல என்னா ஊரு போட்டிருக்கு?"

அஞ்சாப்புலி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "சேத்தி...யாத்...தோப்பு."

"சார்," என்றார் அஞ்சாப்புலி மிக மரியாதையாக, "சேத்தியாத்தோப்புல கடலு எந்தப் பக்கம் இருக்கு?"

அச்சுப் பிழை என்றேன். ஒருவர் முகமும் மாறவில்லை.

"அச்சுப் பிழையின்னா எழுத்துதான மாறும், ஊரே மாறுமா?" என்றார் தெய்வானை. "கரையெல்லாம் பேசிக்கிட்டது நெசந்தான் மாமா. எல்லாத்தையும் உள்ளாற தள்ளப்போறாங்க."

"அலைகூட எங்கள அவ்ளோ தூரம் தள்ளல சார்," என்றார் அஞ்சாப்புலி.

அதற்கும் என்னிடம் ஒரு செயல்முறை இருந்தது. தாளில் உள்ள முதல் எண்ணை எல்லார் முன்னிலையிலும் கருவியில் கையாலேயே, இலக்கம் இலக்கமாக ஏற்றினேன். அங்கே போக வழிகாட்டு என்று கட்டளை கொடுத்தேன். அம்புக்குறி மேட்டு நிலத்தின் முனையைக் காட்டியது. கூட்டமே என் பின்னால் வந்தது. நான் நட்டிருந்த கல்லின் அருகில் போனதும், வந்து சேர்ந்துவிட்டாய் என்று கருவி கூவியது.

"பாத்தீங்களா? இங்கதான்," என்றேன், வென்றவனைப் போல.

"மிஷினு இங்கங்குது. காயிதம் அங்கங்குது," என்றார் அஞ்சாப்புலி. "வீடு எதப் பாத்துக் கட்டுவாங்க?"

காகிதத்தைப் பார்த்துத்தான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இனி நான் சொல்வதை அந்த ஊர் நம்பாது. எனவே தலைவரையும் தெய்வானையையும் அலுவலக ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் வந்தேன். நல்ல வேளையாக, செல்வி யாரிடமோ அந்த நடுவில் மாட்டும் சாமானை இரவல் வாங்கி வைத்திருந்தார். கணினிக்கும் கருவிக்கும் இப்போது பேச்சுவார்த்தை நடந்தது. மென்பொருளில் இருந்த புள்ளிகளை வயர் வழியாகக் கருவிக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். அதே முதல் புள்ளியைத் தேர்ந்தெடுத்து வழிகாட்டு என்றேன். அம்புக்குறி திரும்பி மேற்கே பார்த்தது.

எனக்கு வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும், மறுபக்கம் ஆர்வம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரே கருவி. ஒரே எண். கையால் ஏற்றினால் கடலூர். வயரில் ஏற்றினால் சேத்தியாத்தோப்பு. வயருக்குள் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் எப்படி நுழைந்தது? வயரைக் கழற்றி உற்றுப்பார்த்தேன். (எதைத் தேடினேன் என்று கேட்காதீர்கள்.)

"இப்ப என்னா சார் பண்றது?" என்றார் செல்வி.

"தாவா உள்ள புள்ளிய நேர்ல போய் ஸ்தலத்துல பாக்கணும். அதுதான் விதி."

"இல்லாத எடத்துக்கா?"

"எங்க காட்டுதோ அங்க."

புவனகிரி வழியாகப் போனோம். ஜீப்பின் பின் இருக்கையில் தலைவரும் தெய்வானையும் என் காதுபடவே பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கட்டுமரத்த வெள்ளாத்துல வுட்டுக்கலாம் மாமா."

"தண்ணி வந்தா வுடலாம். வராத காலத்துல?"

"மண்ணுல தள்ளிக்கிட்டுப் போவலாம். சார் கூட வந்து தள்ளுவாரு."

சேத்தியாத்தோப்பு தாண்டி, தார்ச்சாலை முடிந்து, மண்பாதை முடிந்து, அம்புக்குறி ஒரு கரும்புக் கொல்லைக்குள் நுழையச் சொன்னது. கரும்பு வெட்டி முடித்து அடிக்கட்டைகள் மட்டும் நின்றன. வரப்பில் தடுமாறி நடந்தேன். ஓர் அடிக்கட்டையின் பக்கத்தில் கருவி கூவியது. அதாவது என் கணக்கின்படி நான் அப்போது நின்றது குப்பத்தின் வடகிழக்கு மூலையில்.

கருவியின் கூவலுக்கு முதலில் வந்து நின்றவர் நிலத்துக்காரர். பெயர் ராமலிங்கம். கையில் கரும்பு வெட்டும் கத்தி. (வேலையாக இருந்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் அப்படித் தோன்றவில்லை.)

"யாரு நீங்கள்லாம்? எதுக்கு அளக்கறீங்க? ரோடு வருதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தெய்வானை சொல்லிவிட்டார். "ரோடு இல்லண்ணே. எங்களுக்கு வீடு. கடலூர் குப்பத்த இங்க கொண்டாந்து வெக்கறாராம் இந்த சாரு."

"கடல்காரங்களுக்கு இங்க என்னா வேல?"

"அதத்தான் மச்சான் நாங்களும் கேட்டுக்கிட்டு வரோம்," என்றார் அஞ்சாப்புலி.

ராமலிங்கம் என்னைப் பார்த்தார். அஞ்சாப்புலியும் என்னைப் பார்த்தார். ஒரு நிமிடத்துக்கு முன்புவரை ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர், எனக்கு எதிராக உறவினர்களாகிவிட்டார்கள்.

"என் நெலத்த நான் குடுக்க மாட்டேன்," என்றார் ராமலிங்கம்.

"குடுத்தாலும் நாங்க வர மாட்டோம்," என்றார் தெய்வானை.

"அப்ப யாருக்குத்தான் அளக்கறாரு?"

நியாயமான கேள்வி. நான் அடுத்த மூலைக்கு அளக்கப் போனேன். சாலையோரப் பக்கத்தின் மறுமுனைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து வழிகாட்டு என்றேன். எவ்வளவு தூரம் என்று திரை காட்டியது: தொண்ணூறு மீட்டர்.

தொண்ணூறா? கடலூரில் டேப் வைத்து அளந்தபோது நூற்றைம்பது. சந்தேகத்தில் நடந்தே பார்த்தேன். தொண்ணூறுக்கு அருகில்தான் வந்தது. வேறொரு பக்கத்தைப் பார்த்தேன். அதுவும் அதே விகிதத்தில் குறைந்திருந்தது. வடிவம் அச்சு அசலாக அப்படியே இருக்க, நிலம் மட்டும் சுருங்கியிருந்தது.

என் முகத்தைப் பார்த்துத் தெய்வானை கேட்டார். "என்னா சார்?"

"எடம் கொஞ்சம் சின்னதாத் தெரியுது."

"கொண்டாந்து வுட்டதும் இல்லாம சுருக்கியும் வுட்டீங்களா?"

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ராமலிங்கம், இவன் ஆபத்தானவன் இல்லை என்று முடிவு செய்திருக்க வேண்டும். ஒரு கரும்பை நறுக்கி எல்லாருக்கும் கொடுத்தார். கடித்துக்கொண்டே யோசித்தேன். நூற்றைம்பது, தொண்ணூறாகிறது. அதாவது நூறு இருந்த இடத்தில் அறுபது. ஏன் அறுபது? நூற்றுக்கு அறுபது. அறுபதுக்கு நூறு.

கரும்பு வாயிலேயே நின்றுவிட்டது.

ஒரு சங்கிலிக்கு நூறு லிங்க். ஆனால் ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம். நான் வாசித்த நாற்பத்திரண்டு, நிமிடக் கணக்கு. அறுபதில் நாற்பத்திரண்டு. நான் சொல்லிச் செல்வி தட்டியதோ நூறில் நாற்பத்திரண்டு. பதினொரு டிகிரிக்கு மேல் ஏறக்குறைய முக்கால் பாகம் போக வேண்டிய புள்ளி, பாதிகூடப் போகாமல் நின்றுவிட்டது. ஒவ்வொரு மூலையும் அப்படித்தான். கையால் கருவியில் ஏற்றியபோது, கருவி அதை நிமிடமாகவே எடுத்துக்கொண்டு சரியான இடத்துக்குப் போனது. வயர் ஒரு பாவமும் செய்யவில்லை. மென்பொருள் நம்பியதை அப்படியே எடுத்துவந்து கொடுத்தது. (இதெல்லாம் கையேட்டில் ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. படித்திருந்தேன். பிரெஞ்சிலும்.)

வேறு வழியில்லை, சொன்னேன். மூவருக்கும் புரியவைக்கக் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காட்டினேன். "பதினொன்றரை மணிய பதினொண்ணு முப்பதுன்னு எழுதுவோம். அதுல முப்பதுங்கறது பாதி. ஏன்னா மணிக்கு அறுபது நிமிஷம். நான் நூறு நிமிஷம்னு கணக்குப் பண்ணிட்டேன்."

"அப்ப," என்றார் அஞ்சாப்புலி நிதானமாக, "மணி பாக்கத் தெரியாமத்தான் எங்கள இவ்ளோ தூரம் இட்டாந்தீங்களா?"

ராமலிங்கம் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கொல்லைக்காரரும் வந்துவிட்டார். அவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. தெய்வானையே சொன்னார், நான் சொன்னதைவிட நன்றாக.

சிதம்பரம் திரும்பி, கருவியிலிருந்த அசல் புள்ளிகளை வயர் வழியாகவே கணினிக்கு எடுத்தோம். யாரும் வாசிக்கவில்லை, யாரும் ஒப்பிடவில்லை, யாரும் கையெழுத்துப் போடவில்லை. செல்வி ஒரு பொத்தானைத் தட்டினார். சிவப்பு நட்சத்திரம் கரும்புக் கொல்லையிலிருந்து எழுந்து கடலோரத்தில் போய் உட்கார்ந்தது. அஞ்சாப்புலி திரைக்கு அருகில் குனிந்து, நட்சத்திரத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஆள்காட்டி விரலை வைத்துப் பார்த்தார். விரல் அகலம்கூட இல்லை.

"இது போதும்," என்றார். "ஆனா ஊருல நீங்கதான் சார் சொல்லணும். நாங்க சொன்னா, எங்களயும் சரிக்கட்டிட்டாங்கம்பாங்க."

சாயங்காலம் அதே கொட்டகை, அதே கூட்டம். விஞ்ஞானம், துல்லியம் எதுவும் இல்லாமல் இரண்டாவது உரை ஆற்றினேன். சங்கிலி, லிங்க், நிமிடம், கரும்புக் கொல்லை, தொண்ணூறு மீட்டர் எல்லாவற்றையும் சொன்னேன். நான் தடுமாறிய இடத்தில் தெய்வானை எடுத்துக்கொடுத்தார். முதலில் சிறுவர்கள் சிரித்தார்கள், பிறகு பெண்கள், கடைசியில் பின்னால் கை கட்டி நின்ற ஆண்கள். இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் சதி செய்கிறவன் கற்பனை செய்யவே முடியாது என்று ஊர் முடிவுக்கு வந்தது. என் பல வருட அனுபவம் சாதிக்காததை என் அறியாமை சாதித்தது. கைநாட்டு விழுந்தது. அடுத்த வாரம் அஸ்திவாரமும் விழுந்தது.

தெய்வானை அதன்பின் வாரம் ஒருமுறை கருவாட்டுக் கூடையோடு ராமலிங்கத்தின் ஊருக்குப் போக ஆரம்பித்தார். என் மனைவிக்குச் செல்வி மூலம் விஷயம் தெரிந்துவிட்டது. இன்றுவரை நான், "அரை மணியில் வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், "ஐம்பது நிமிஷம்தானே?" என்கிறாள். மருமகன்கள் எதிரிலும்.

வீடுகள் எழும்பி, மக்கள் குடியேறி, திறப்பு விழா நடந்து, நுழைவு வளைவில் ஒரு பெரியவரின் பெயரும் எழுதப்பட்டது. ஓய்வு பெற்றபின் ஒரு கல்யாணத்துக்காக அங்கே போக வேண்டியிருந்தது. முதுநகரில் ஆட்டோவில் ஏறி, அந்தப் பெரியவரின் பெயரைச் சொல்லி, பின்னால் நகரையும் சேர்த்தேன். இளைஞர்தான் ஓட்டுநர். அப்படியொரு நகரே இல்லை என்றார். கடற்கரைப் பக்கம், சுனாமி வீடுகள், தெற்கே என்று விளக்கினேன். அப்படிப் பல இருக்கிறதே என்றார். தலைவர் அஞ்சாப்புலியின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது.

"அட, சேத்தியாத்தோப்பு போவணும்னு சொல்லுங்க சார்," என்றார். "கடலூர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்களே."

"அதுக்கு ஏன் அந்தப் பேரு?" என்றேன், ஒன்றும் தெரியாதவனைப் போல.

"அதுவா? மணி பாக்கத் தெரியாத ஒரு சர்வேயரு இருந்தாராம்," என்று தொடங்கி, வண்டியை ஓட்டிக்கொண்டே முழுக் கதையையும் சொன்னார். கரும்புக் கொல்லைக்காரர் கத்தியோடு சர்வேயரை வெள்ளாறு வரை துரத்தியதாக அவர் சொன்ன பகுதி மட்டும் உண்மையில்லை. திருத்தலாமா என்று பார்த்தேன். திருத்தினால், எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்.

"வேகமா ஓடினாரா?" என்று மட்டும் கேட்டேன்.